அரை நிமிடம் முந்தி வரும் கூச்சல்

எங்கள் வீட்டு டெலிவிஷனில் உலகம் அரை நிமிடம் தாமதமாகத்தான் நடக்கும். கல்கத்தா டாக்குரியாவில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் சந்தில் மற்ற எல்லா வீடுகளிலும் கேபிள் இருக்கிறது. எங்களுக்கு மட்டும் படம் இன்டர்நெட் வழியாக வருகிறது. "கேபிள்லாம் பழைய காலம்" என்று என் கணவர் ஒரு நாள் வயரைச் சுருட்டிப் பரண்மேல் போட்டுவிட்டார். அடுத்த மேட்சிலேயே வினை தெரிந்தது. எங்கள் திரையில் பந்துவீச்சாளர் அப்போதுதான் ஓடிவர ஆரம்பிப்பார், அதற்குள் தெரு "அவுட்" என்று கத்தி முடித்திருக்கும். முடிவு தெரிந்த பிறகு பார்ப்பதற்கு இது என்ன ராமாயணமா என்று நான் ஒரு வாரம் அவரைக் கரித்துக்கொட்டினேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அவர் எருமை மாட்டின் மேல் மழை பெய்த மாதிரி உட்கார்ந்திருப்பார். இப்படித்தான் பதினெட்டு வருஷம் ஓடியிருக்கிறது.

எங்கள் வீட்டில் ஆள் மூன்று, டெலிவிஷன் ஒன்று. நான் திருச்சிக்காரி. மத்திய அரசு ஆபீஸில் மாற்றல் கிடைத்துக் கல்கத்தா வந்து பன்னிரண்டு வருஷமாகிறது. எங்கே போனாலும் எனக்கு கிரிக்கெட்தான், அதிலும் சென்னையின் மஞ்சள் சட்டைதான். கணவருக்கு சாந்த்ராகாச்சி யார்டில் ரயில் பெட்டிகளைச் சோதிக்கும் வேலை. இங்கே வரும்வரை அவருக்கு எந்த விளையாட்டும் தெரியாது. யார்டில் கூட வேலை செய்பவர்கள் இரண்டே வருஷத்தில் அவரைக் கால்பந்துப் பைத்தியமாக்கிவிட்டார்கள். இந்த ஊரில் இரண்டு பழைய கால்பந்து கிளப்புகள் உண்டு. ஒன்று பச்சை மெரூன், மற்றது சிவப்பு மஞ்சள். பெயரைச் சொன்னால் எந்தப் பெயரை முதலில் சொன்னாய் என்று பாதி ஊர் சண்டைக்கு வரும், அதனால் நிறத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். இவை இரண்டும் மோதும் நாளைத்தான் டெர்பி என்பார்கள். கணவர் பச்சை மெரூன். கீழ் வீட்டில் இருக்கும் எங்கள் வீட்டுக்கார அம்மா, ரிட்டயர்டு ஸ்கூல் டீச்சர், பரம்பரை பரம்பரையாகச் சிவப்பு மஞ்சள். அவரை நாங்கள் மாஷிமா என்போம். சித்தி, பெரியம்மா முறை. அவர் என்னை பௌமா, அதாவது மருமகளே என்று கூப்பிடுவார். அவருடைய கிளப்பில் பாதி மஞ்சள் இருப்பதால் பாதி சிநேகம் என்று நான் சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பார்.

மூன்றாவது ஆள் எங்கள் மகள். நாலு வயதில் இங்கே வந்தவளுக்கு இப்போது பதினாறு. என்னிடம் தமிழ் பேசுவாள், கனவில் உளறினால் பெங்காலியில் உளறுவாள். எந்த கிளப்பும் அவளுக்குப் பெரிதில்லை. அவளுக்குப் பார்ப்பதைவிட ஆடுவதில்தான் ஆசை. தெருமுனையில் இருக்கும் பாரா கிளப்பின், அதாவது எங்கள் பேட்டை கிளப்பின், சிமென்ட் தரையில் பத்து வயதிலிருந்து விழுந்து புரண்டு கோல்கீப்பர் ஆனவள். முழங்காலில் தழும்பு இல்லாத இடத்தை நான் பார்த்து ரொம்ப நாளாகிறது.

அந்த அரை நிமிடத் தாமதத்தில் ஒரு வசதி இருக்கிறது என்று கண்டுபிடித்தது நான்தான். ஒரு நாள் நான் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் கணவர், தன் டெர்பி போகிறதே என்று முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். திடீரென்று தெரு அலறியது. "கோல் விழுந்துருச்சுங்க, இந்தாங்க" என்று சானலை மாற்றினேன். எங்கள் திரையில் பந்து இன்னும் நடு மைதானத்தில் இருந்தது. சாவகாசமாக நகர்ந்து, ஒருவர் காலிலிருந்து இன்னொருவர் காலுக்குப் போய், எங்கள் கண் முன்னாலேயே வலைக்குள் விழுந்தது. கணவர் என்னைக் கடவுளைப் பார்ப்பதுபோல் பார்த்தார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதுதான் சட்டம். திரையில் கிரிக்கெட் ஓடும். ஜன்னல் திறந்திருக்கும். தெரு கத்தினால் சானல் மாறும். கோலைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தால் இரண்டு பந்துதான் போயிருக்கும். ஒரே டெலிவிஷனில் மூன்று மேட்ச்கூடப் பார்த்திருக்கிறோம்.

போகப் போக எனக்கு அதில் ஒரு தேர்ச்சி வந்துவிட்டது. சிக்ஸருக்குக் கத்தும் தெரு பந்து மேலே போகும்போதே ஆரம்பித்து நீட்டிக்கொண்டு போகும். விக்கெட் விழுந்தால் சட்டென்று வெடித்து அடங்கும். கோல் தவறினால் பாதிக் கூச்சல், பிறகு நாலைந்து கெட்ட வார்த்தை. டெர்பி நாளில் இடது பக்கம், டீக்கடையிலிருந்து சத்தம் வந்தால் பச்சை மெரூன் அடித்திருக்கிறது. வலது பக்கம், கீழ் வீடும் இஸ்திரி கடையும் கத்தினால் சிவப்பு மஞ்சள். ஒரு பக்கம் கத்தும்போது மறு பக்கத்தில் மூச்சு இருக்காது. இதையெல்லாம் ஆபீஸில் பெருமையாகச் சொல்வேன். மகள் மட்டும் சிரித்துவிட்டு, "உனக்குக் காதுலதான் மா டிவி ஓடுது" என்பாள்.

போன வருஷம் அவளுக்கும் எனக்கும் ஒரு மனஸ்தாபம் வந்தது. லேக் கார்டன்ஸ் பக்கத்தில் ஒரு மைதானத்தில் பள்ளிகளுக்கு இடையிலான போட்டி. அவள் மேல் ஒருத்தி வந்து மோதினாள். ரெஃப்ரி விசில் ஊதவில்லை. நான் கம்பிக்கு வெளியே நின்று, "யோவ், கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு? பொண்ணு விழுந்து கெடக்கறது தெரியல?" என்று ஆரம்பித்து, திருச்சி மார்க்கெட்டில் கேட்டதையெல்லாம் எடுத்துவிட்டேன். ரெஃப்ரிக்குத் தமிழ் தெரியாது. ஆனால் என் முகம் போன போக்கிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. என்னை வெளியே அனுப்பச் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்து அவள் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை, ஒரே வார்த்தையாகச் சொல்லிவிட்டாள்.

"இனிமே நீ கிரவுண்டுக்கு வராதே மா."

நான் வீம்புக்காரி. வரவில்லை என்றால் வரவில்லை. ஒரு வருஷமாக அவள் ஆடிய எதையும் நான் பார்க்கவில்லை.

இந்தச் சித்திரையில் அவள் எங்கள் மாவட்ட அணிக்குத் தேர்வானாள். முதல் கோல்கீப்பர் வேறொரு பெண். இவள் இரண்டாவது, அதாவது பெஞ்சில் உட்காருகிறவள். அணி ஃபைனல் வரைக்கும் போனது. ஃபைனல் வேறு ஊரில், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். ஒரு லோக்கல் சானல் நேரலையாகக் காட்டப்போகிறது. கேபிளிலும் வரும், இன்டர்நெட்டிலும் வரும். சனிக்கிழமை பையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பும்போது வாசலில் நின்றாள்.

"மா, டிவியில பாப்பியா?"

"பாக்காம?"

"முழுசா பாக்கணும். மாத்தக் கூடாது. நான் இறங்கலன்னாலும் பாக்கணும். பிராமிஸ்?"

"பிராமிஸ்" என்று அவள் தலையில் கை வைத்துச் சொன்னேன். அவள் என்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுப் படியிறங்கினாள். கீழே மாஷிமா வீட்டில் கொஞ்ச நேரம் நின்று பேசிவிட்டுப் போன சத்தம் கேட்டது. எப்போதும் சொல்லிக்கொண்டுதான் போவாள், அதனால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஞாயிறு வந்தது. விதி விளையாடுவதென்று முடிவு செய்தால் மூன்று சானலில் விளையாடும். பகல் மூன்றரைக்குச் சென்னை மேட்ச், தோற்றால் வெளியே. ஐந்து மணிக்கு டெர்பி. அதே ஐந்து மணிக்கு மகளின் ஃபைனல். கணவருக்கு யார்டில் டியூட்டி. "நீ பாத்து எனக்குச் சொல்லு, நான் இடையில போன் பண்றேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். வீட்டில் நானும் ரிமோட்டும்தான்.

சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன், அதில் பொய்யில்லை. அணிகள் வரிசையாக நின்றபோது கேமரா ஓரத்திலிருந்து ஓரத்துக்கு நகர்ந்தது. கடைசியில் என் மகள், ஆரஞ்சு நிறக் கையில்லாச் சட்டை போட்டுக்கொண்டு, மூக்கைச் சொறிந்துகொண்டிருந்தாள். அதன் பிறகு அவளைக் காட்டவே இல்லை. சானலுக்கு இருந்தது ஒரே கேமரா. திரையின் அடிப்பகுதியில் ஒரு ஜவுளிக்கடை விளம்பரப் பட்டை விடாமல் ஓடியது. பெஞ்சு சரியாக அந்தப் பட்டைக்குப் பின்னால் இருந்தது. முதல் பாதி முழுவதும் நான் ஒரு ஜவுளிக்கடையைத்தான் பார்த்தேன். பட்டைக்கு மேலே சில சமயம் ஒரு தலைமுடி தெரியும். அது அவளுடையதா என்று எழுந்து போய்த் திரையில் மூக்கை வைத்துப் பார்ப்பேன்.

இடைவேளைக்கு எங்கள் அணி இரண்டு கோல் முன்னணியில் இருந்தது. எல்லாம் நல்லபடியாகப் போகும்போது எந்தப் பயிற்சியாளர் கோல்கீப்பரை மாற்றுவார்? இரண்டாவது பாதியும் கால் வாசிக்கு மேல் போனது. மனசு சென்னையிடம் போய்விட்டது. ஒரே ஒரு ஓவர் பார்த்துவிட்டு வந்துவிடுவோம் என்று மாற்றினேன். ஒரு ஓவர் இரண்டானது. ஐந்து ஓவரில் ஐம்பது வேண்டும், கையில் நாலு விக்கெட். ஜன்னல்தான் திறந்திருக்கிறதே என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அப்போதுதான் தெரு கத்தியது.

சாதாரணக் கத்தல் இல்லை. யாரோ தகரத்தைத் தட்டினார்கள். இடது பக்கமும் கத்தியது, வலது பக்கமும் கத்தியது. என் கை தானாக ரிமோட்டை அழுத்தியது. டெர்பிக்குப் போனேன். பழக்கம் அப்படி. பந்து நடுவில் உருண்டுகொண்டிருந்தது. அரை நிமிடம் காத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. இன்டர்நெட் இன்று ரொம்பவே பின்தங்கிவிட்டது போலிருக்கிறது என்று இன்னொரு நிமிடம் காத்தேன். த்ரோ போட்டார்கள், ஒருவர் ஷூ லேஸ் கட்டினார். இரண்டு நிமிடம் போயிருக்கும், முதலில் வந்ததைவிடப் பெரிதாக இன்னொரு கூச்சல் எழுந்தது. இரண்டு பக்கமும் சேர்ந்துதான். சங்கு ஊதினார்கள். "அடேயப்பா, ரெண்டாவது கோல்" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு நாற்காலி நுனிக்கு வந்து, டெர்பியையே வெறித்துக்கொண்டிருந்தேன்.

கதவு தட்டும் சத்தம் கேட்டது. திறந்தால் மாஷிமா. முட்டிவலியால் படியேறி எங்கள் வீட்டுக்கு வந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. கையில் சங்கு, முகமெல்லாம் வேர்வை.

"தேக்லே தோ, பௌமா? தொமார் மேயே பெனால்ட்டி ஆட்கே தியேச்சே!"

பார்த்தாயா மருமகளே, உன் மகள் பெனால்ட்டியைத் தடுத்துவிட்டாள் என்றார். சொல்லிக்கொண்டே என்னைத் தாண்டி டெலிவிஷனைப் பார்த்தார். அதில் பச்சை மெரூனும் சிவப்பு மஞ்சளும் ஓடிக்கொண்டிருந்தன. சங்கை மெதுவாகச் சோபாவின் மேல் வைத்தார்.

நடந்தது இதுதான். முதல் கோல்கீப்பர் எதிரணிப் பெண்ணோடு மோதி விழுந்து காலைப் பிடித்துக்கொண்டாள். ரெஃப்ரி பெனால்ட்டி கொடுத்துவிட்டார். அவளை ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போக, என் மகள் இறங்கினாள். அதுதான் முதல் கூச்சல். உடம்பு சூடேறக்கூட நேரமில்லாமல், போட்டியில் தொட்ட முதல் பந்தாக அந்தப் பெனால்ட்டியை வலது பக்கம் பாய்ந்து தட்டிவிட்டாள். அது இரண்டாவது கூச்சல். பாரா கிளப்பிலும் ஒரே டெலிவிஷன்தான். டெர்பி நாள் அதுவுமாக, இரண்டு கட்சிக்காரர்களும் ஒன்றாக உட்கார்ந்து ஆரம்பத்திலிருந்து என் மகளின் பெஞ்சைத்தான் பார்த்திருக்கிறார்கள். டெர்பியை ஓரத்தில் யாரோ ஒருவருடைய போனில் ஓடவிட்டிருந்தார்களாம். டீக்கடையிலும் இஸ்திரி கடையிலும் மாஷிமா வீட்டிலும் அதே கதை.

இரண்டாவது கூச்சல் கேட்டவுடன் சரியான சானலுக்கு மாற்றியிருந்தால்கூட நான் பார்த்திருப்பேன். அரை நிமிடம் இருந்தது. எனக்கென்றே இருந்த அரை நிமிடம்.

சானலை மாற்றினேன். மீதி ஆட்டத்தை மாஷிமாவும் நானும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு பார்த்தோம். கடைசி நிமிடத்தில் அவள் ஒரு கோலை விட்டாள், அதை மட்டும் நன்றாகப் பார்த்தேன். இரண்டுக்கு ஒன்று என்று ஜெயித்தார்கள். சென்னை என்ன ஆயிற்று என்று கேட்கத் தோன்றவில்லை.

சேதி கேட்டுக் கணவர் போனில் அழுதார். பிறகு நான் அதைப் பார்க்காத விஷயத்தைச் சொன்னேன். "பாத்தேன்னு சொல்லிடு. அதான் க்ளிப் வந்துருச்சே" என்றார். பாரா கிளப்பின் குரூப்பில் அந்தப் பெனால்ட்டி வந்திருந்தது. பன்னிரண்டு விநாடி. அதை எத்தனை தடவை பார்த்தேன் என்று தெரியாது. பந்து எந்த விரலில் பட்டது, எழுந்தபோது எந்தக் காதில் மண் ஒட்டியிருந்தது எல்லாம் மனப்பாடம். ஆனால் ஒவ்வொரு தடவையும் அவள் தடுத்துவிடுவாள் என்று எனக்கு முன்பே தெரிந்திருந்தது. தடுப்பாளா மாட்டாளா என்று தெரியாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க ஒரே ஒரு தடவைதான் கிடைத்தது, அந்த மூச்சைத் தெருவே பிடித்தது, நான் பிடிக்கவில்லை.

மறுநாள் காலை ஆபீஸுக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு டாக்குரியா ஸ்டேஷனில் நின்றேன். பொய்யைத் தயாராக வைத்திருந்தேன். லோக்கல் ரயில் வந்தது. தன்னைவிடப் பெரிய பையோடு இறங்கினாள். கழுத்தில் மெடல், அதைச் சட்டைக்குள் விட்டிருந்தாள். ஓடி வந்து கட்டிக்கொண்டாள். பார்த்தாயா என்று கேட்பாள் என்று காத்திருந்தேன்.

"சத்தம் கேட்டுச்சா மா?"

"என்ன சத்தம்?"

"ஆரே, தெருவுல! கிளம்பும்போது மாஷிமாகிட்டயும் கிளப்லயும் சொல்லிட்டுத்தான் போனேன். நான் இறங்கினா ரெண்டு பக்கமும் சேர்ந்து கத்துங்க, அம்மா எப்படியும் கிரிக்கெட்டுக்குப் போயிருப்பா, சத்தம் கேட்டா மாத்திடுவா, அரை நிமிஷம் டைம் இருக்குன்னு. கேட்டுச்சுல்ல?"

என் குணம் அவளுக்குத் தெரியும். பிராமிஸை வாங்கிக்கொண்டு, அது கைதவறினால் பிடிக்க வலையையும் கட்டிவிட்டுப் போயிருக்கிறாள். தயாராக வைத்திருந்த பொய் வாயில் வரவில்லை.

"கேட்டுச்சு. நான் டெர்பிக்கு மாத்தினேன்."

அவள் பையைக் கீழே வைத்தாள்.

"ரெண்டு பக்கமும் கத்தினாங்களா?"

"கத்தினாங்க."

"டெர்பின்னா ஒரு பக்கம்தானே மா கத்தும்? நீதானே சொல்லுவே?"

நான்தான் சொல்வேன். பச்சை மெரூனும் சிவப்பு மஞ்சளும் சேர்ந்து சந்தோஷப்படுகிற விஷயம் இந்தத் தெருவில் ஒன்றே ஒன்றுதான் இருக்க முடியும். அது காதில் விழுந்தும் எனக்கு உறைக்கவில்லை. கிரிக்கெட்டின் மேல் பழியைப் போட்டுத் தப்பித்திருக்கலாம். ஆனால் உண்மை அதைவிட மோசமானது. பிளாட்பாரத்தில் ஆட்கள் பார்க்கிறார்கள் என்ற நினைப்புகூட இல்லாமல் அழுதுகொண்டே சொன்னேன்.

"நீ இறங்குவேன்னு நான் நினைக்கவே இல்லடி."

அவள் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். கோபமா வருத்தமா என்று என்னால் படிக்க முடியவில்லை. தெருவின் சத்தத்தையெல்லாம் தரம் பிரிப்பவளுக்கு மகளின் மௌனம் புரியவில்லை.

"நானும்தான் நினைக்கல" என்றாள். பிறகு பையின் ஒரு காதை என்னிடம் கொடுத்து, மறு காதை அவள் பிடித்துக்கொண்டாள். "வர்ற ஞாயித்துக்கிழமை எங்க டீமுக்கு இங்கேயே ஒரு மேட்ச் இருக்கு. நேர்ல வந்துடு."

"கத்துவேனே."

"கத்து. தமிழ்லயே கத்து. மத்தவங்க எல்லாரும் பெங்காலியில கத்துவாங்க. அப்பத்தானே நீன்னு தெரியும்."

போனேன். காலில் அடிபட்ட பெண் தேறி வந்துவிட்டாள், மறுபடியும் அவள்தான் முதல் கோல்கீப்பர். என் மகள் ஆட்டம் முடியும்வரை பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள். நான் பெஞ்சுக்குப் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு தொண்ணூறு நிமிடமும் அவளைத்தான் பார்த்தேன். தொண்டை கட்டும்வரை தமிழில் கத்தினேன். அவள் திரும்பவில்லை. கிளவுஸ் போட்ட கையை மட்டும் ஒரு தடவை தலைக்கு மேல் தூக்கிக் காட்டினாள்.